சார்லஸ் அகஸ்டின் டி கூலோம்

சார்லஸ் அகஸ்டின் டி கூலோம் (ஜூன் 14, 1736 – ஆகஸ்ட் 23, 1806) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளரும் இராணுவப் பொறியாளரும் ஆவார். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைக் கூறும் கூலோம் விதியால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் இவருக்கு இடம் பெற்றுத் தந்தது உராய்வு பற்றிய ஆய்வே ஆகும்.

இளமையும் பணியும்

அங்கூலேம் நகரில் பிறந்த கூலோம், மெசியேரில் இருந்த அரச பொறியியல் பள்ளியில் பயின்று 1761 இல் தேர்ச்சி பெற்றார். 1764 முதல் 1772 வரை கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் ஈடுபட்டார். அங்கு நோயுற்றுக் கெட்ட இவரது உடல்நலம் பின்னர் முழுமையாகத் தேறவில்லை. இக்கட்டுமான அனுபவத்திலிருந்து எழுந்த முதல் ஆய்வுரையை 1773 இல் அகாதமிக்கு அளித்தார். தாங்குசுவரை மண் தள்ளும் விசையைக் கணக்கிடுகையில் மண்ணின் உள் உராய்வையும் இவர் கருத்தில் கொண்டார்.

உராய்வு ஆய்வு

கப்பி, சாய்தளம், நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை முதலிய கடற்படைக் கருவிகளில் உராய்வு எவ்வளவு விசையை விழுங்குகிறது என்பதைப் பெரிய அளவிலான சோதனைகளால் கண்டறியுமாறு அகாதமி ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. 1779 இல் ரோஷ்ஃபோர் துறைமுகத்துக்கு மாற்றப்பட்ட கூலோம், அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். மேசை மீது எடை ஏற்றிய ஒரு சறுக்குப் பலகையை, கப்பி வழியே தொங்கும் எடையால் இழுத்தார். மரத்தோடு மரம், மரத்தோடு உலோகம், உலர்ந்த பரப்பு, கொழுப்புப் பூசிய பரப்பு எனப் பலவற்றையும் சோதித்தார்.

உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பளவைச் சார்ந்திராது என்று அமோந்தோன் 1699 இலேயே கூறியிருந்தார். கூலோம் இதனைப் பெரும்பாலும் உறுதிசெய்ததோடு, ஓய்வுநிலை உராய்வையும் இயக்க உராய்வையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இயக்க உராய்வு வேகத்தை ஏறக்குறையச் சார்ந்திராது என்றார். விலகல்களையும் மறைக்காமல் குறித்து வைத்தார். மரப்பரப்புகள் நீண்ட நேரம் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அவற்றை நகர்த்தக் கூடுதல் விசை தேவை என்பதும் இவர் கண்டதே. இவ்வாய்வு 1781 இல் பரிசு பெற்றது. அதே ஆண்டில் இவர் அகாதமி உறுப்பினரானார்.

பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று பிணைவதே உராய்வுக்குக் காரணம் என்பது கூலோமின் விளக்கம். மேட்டில் ஏறுவதற்குச் செலவான ஆற்றல் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடுமே என்று ஜான் லெஸ்லி 1804 இல் மறுத்தார். உண்மையில் பொருள்கள் மிகச் சிறு பகுதிகளிலேயே தொட்டு ஒட்டிக்கொள்கின்றன என்பதையும், எடை கூடும்போது அப்பகுதிகளும் கூடுகின்றன என்பதையும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுடன், டேபர் ஆகியோர் காட்டினர். கூலோமின் விளக்கம் கைவிடப்பட்டாலும் அவரது அளவீட்டு விதிகள் பொறியியலில் தொடர்ந்து பயன்பட்டு வருகின்றன.

பிற்காலம்

1785 முதல் 1791 வரை மின்சாரம், காந்தவியல் குறித்து ஏழு ஆய்வுரைகளை வெளியிட்டார். இவற்றுக்கு இவரே வடிவமைத்த முறுக்குத் தராசு உதவியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிசை விட்டு நீங்கி புளுவா அருகே வாழ்ந்தார். 1802 முதல் பொதுக்கல்வி ஆய்வாளராகப் பணியாற்றி, 1806 இல் பாரிசில் காலமானார். மின்னூட்டத்தின் அனைத்துலக அலகு இவர் பெயரால் கூலோம் எனப்படுகிறது.