மணலில் எழுதிய மாணவர்

தரங்கம்பாடி 1620 முதல் டேனியரின் குடியேற்றமாக விளங்கிய கடற்கரை ஊர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணைப்படி 1706 சூலைத் திங்கள் 9 ஆம் நாள் அங்கு வந்திறங்கியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. செருமனியின் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682 இல் பிறந்தவர் அவர்.

சமயம் பரப்ப வந்தவருக்கு மக்களின் மொழி தெரியவில்லை. ஆகவே முதிய கணக்காயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டினார். சிறுவரோடு தரையில் அமர்ந்தார்; அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பள்ளி நிறுவுமுன் பள்ளிப் பிள்ளையானார். 1707 இல் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் கல்விக்கூடங்களைத் தொடங்கினார். பெண் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்பது அரிதாயிருந்த காலம் அது.

கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் பகை மூண்டது. 1708 இறுதியில் டேனிசுபர்க்குக் கோட்டையில் சிறையிடப்பட்டு, நான்கு திங்கள் தனிமையில் கழித்தார். விடுதலைக்குப் பின்னும் பணி தளரவில்லை.

தமிழில் அச்சுக்கலை 1578 இலேயே கொல்லத்தில் தலைகாட்டியிருப்பினும், பின்னர் மங்கிக் கிடந்தது. செருமனியில் வார்த்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1713 இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கியது. அவ்வெழுத்துகள் பருமனாயிருந்தமையால் தாள் மிகுதியும் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாடு 1715 இல் நிறைவுற்றது. 1716 இல் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிக்கூடமும் அமைந்தது.

ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்த அவர், 1708 இல் 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளுடன் பட்டியல் வரைந்தார். திருக்குறளும் அதில் இடம்பெற்றது. நீதி நூல்கள் சிலவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713 இல் அவர் எழுதிய நூலையோ ஆலே நகரத்துப் பெரியோர் அச்சிட மறுத்தனர். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை விளக்கி எழுதுவதா என்பதே அவர்கள் எண்ணம். அந்நூல் சென்னையில் அச்சேறியது 1867 இல்தான்.

1719 பிப்ரவரி 23 ஆம் நாள், தம் முப்பத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார். தரங்கம்பாடியில் 1718 இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் துயில்கொள்கிறார். மதம் மாற்றவே வந்தார் என்பது மறைக்கத்தக்கதன்று. எனினும் கற்பிக்க வந்த நாட்டில் முதலில் கற்றவர் அவர். கற்றதைத் தம் மேலோர் விரும்பாதபோதும் எழுதிவைத்தவர். தமிழ் அவரை நினைவிற் கொள்ள அதுவே போதும்.