ஹக்கீம் அப்துல் ஹமீதும் ஹம்தர்த் நிறுவனமும்

நோன்பு திறக்கும் வேளையில் பாலிலோ குளிர்நீரிலோ கலந்து அருந்தப்படும் ரூஹ் அஃப்ஸா எனும் சிவப்புச் சர்பத்தை எமது வாசகர்களுள் பலர் அறிந்திருப்பர். முகப்பருவுக்கென விற்கப்படும் கசப்பான 'ஸாபி' மருந்தும், தலைக்கும் மேனிக்கும் பூசப்படும் 'ரோகன் பாதாம் ஷீரீன்' எனும் வாதுமை எண்ணெயும் அதே இல்லத்திலிருந்து வந்தவையே. ஹம்தர்த் எனப்படும் அவ்வில்லத்தைச் சிறு மருந்துக் கடையிலிருந்து பெருந்தொழிலாக வளர்த்து, பின்னர் அதன் உரிமையைத் தாமாகவே கைவிட்ட மனிதரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் ஹக்கீம் அப்துல் ஹமீத்.

கதை அவருடைய தந்தையிலிருந்து தொடங்குகிறது. பிலிபித் நகரில் பிறந்த ஹாபிஸ் அப்துல் மஜீத், 1906ஆம் ஆண்டில் பழைய டில்லியின் ஹவுஸ் காஸி பகுதியில் யுனானி மருந்துக் கடையொன்றைத் திறந்தார். துயரில் பங்கு கொள்பவர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லே கடையின் பெயராயிற்று. ஆங்கிலேய மருத்துவமே அரச ஆதரவு பெற்றிருந்த காலம் அது. யுனானியும் ஆயுர்வேதமும் வழக்கொழிந்தவை என ஒதுக்கப்படாதிருக்க ஹக்கீம் அஜ்மல் கான் போன்றோர் டில்லியில் போராடிக் கொண்டிருந்தனர். வட இந்தியக் கோடையின் வெம்மையைத் தணிக்க மூலிகைகள், பழச்சாறுகள், ரோசா, தாழம்பூ ஆகியவற்றைச் சேர்த்து மஜீத் ஆக்கிய பானமே ரூஹ் அஃப்ஸா. அது மருந்தா, பானமா என்ற கேள்விக்கு வாங்கியவர்கள் விரைவிலேயே விடை கண்டு விட்டனர்.

1922இல், நாற்பது வயதை எட்டுமுன்பே மஜீத் காலமானார். மூத்த புதல்வர் அப்துல் ஹமீதுக்கு அப்போது வயது 14. இளையவர் முஹம்மத் ஸயீத் இரண்டு வயதுக் குழந்தை. கடையை விற்றுவிட்டு உறவினரை அண்டி வாழ்வதே அன்றைய சூழலில் ஒரு விதவைக்கு எதிர்பார்க்கப்பட்ட வழியாகும். ராபியா பேகம் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிறுவனான மகனைத் துணைக்கொண்டு கடையைத் தாமே நிலைநிறுத்தினார். ஹம்தர்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த அன்னையை ஓரிரு வரிகளில் கடந்து செல்வது எமக்கு நியாயமாகப் படவில்லை. அவர் உறுதியாக நின்றிராவிடின் பின்னர் நிகழ்ந்தவை எவையும் நிகழ்ந்திரா.

மகனும் தளரவில்லை. மருத்துவம் கற்று ஹக்கீமானதோடு, கையால் இடித்தும் வடித்தும் செய்யப்பட்ட மருந்துகளை இயந்திரங்களின் துணையுடன் ஒரே தரத்தில் ஆக்கும் தொழிற்சாலை முறைக்கு நிறுவனத்தைக் கொண்டு வந்தார். யுனானி மருந்து ஹக்கீமின் கைராசியை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பது அவரது உறுதியான எண்ணமாயிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஹம்தர்த் துணைக்கண்டத்தின் முதன்மையான யுனானி மருந்து நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

பின்னர் 1947 வந்தது. டில்லி முஸ்லிம்களுட் பல்லாயிரவர் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் தஞ்சம் புகுந்து எல்லை கடந்தனர். ஹம்தர்த் குடும்பமும் பிளவுற்றது. இளையவர் ஸயீத் 1948 ஜனவரியில் கராச்சிக்குச் சென்று, வாடகைக்குப் பெற்ற சிறு அறையொன்றில் அதே பெயரில் மருத்துவத்தைத் தொடங்கினார். மூத்தவர் டில்லியிலேயே தங்கிவிட்டார். இருவருள் எவர் முடிவு சரியானது என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இடப்பெயர்வை அறிந்த எமது வாசகர்களுக்கு, ஒரு வீட்டில் ஒருவர் புறப்படுவதும் மற்றவர் தங்குவதும் புதுமையன்று.

அதே 1948இல்தான் அப்துல் ஹமீத் ஹம்தர்தை வக்பு ஆக்கினார். இறைவனின் பெயரால் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டு, விற்கவோ வாரிசுகளுக்குப் பங்கிடவோ இயலாத அறக்கொடையே வக்பு ஆகும். பெரும்பாலும் பள்ளிவாசல்களும் காணிகளும் கடைகளுமே இவ்வாறு ஒதுக்கப்படும். இலாபம் ஈட்டிக் கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையை வக்பு செய்தல் அரிய செயலாகும். பிரிவினையால் பலரும் சொத்தைக் காப்பதெங்ஙனம் என்று தவித்த ஆண்டில், நாற்பது வயதான ஒருவர் தமது சொத்தைக் கொடுத்துவிட்டார். வக்புச் சொத்து கைமாற முடியாதது என்பதால் இதில் நடைமுறை விவேகமும் கலந்திருந்திருக்கலாம். அவ்வாறாயினும் கொடையின் பெருமை குறைந்து விடாது. கராச்சியில் தம்பியும் சில ஆண்டுகளில் அண்ணனைப் பின்பற்றித் தமது நிறுவனத்தை வக்பு ஆக்கினார்.

சர்பத்தும் எண்ணெயும் விற்ற பணம் டில்லியின் தென்புறத்தே துக்ளகாபாத்தில் கட்டடங்களாக எழுந்தது. 1962இல் மருத்துவ வரலாற்று ஆய்வு நிறுவனம், 1972இல் மருந்தாக்கற் கல்லூரி, பின்னர் தந்தையின் பெயரால் மஜீதியா வைத்தியசாலை என ஒவ்வொன்றாக வளர்ந்து, 1989இல் அவை ஜாமியா ஹம்தர்த் எனும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயின. நிஸாமுத்தீனிலுள்ள காலிப் அக்கடமியும் அவரது முயற்சியே. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யுனானி கற்றோர், இத்துறை பல்கலைக்கழக நிலையை எட்டுவது எத்துணை கடினம் என்பதை அறிவர். 1992இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருதளித்தது.

தம்பியின் முடிவு கொடியது. சிந்து மாகாண ஆளுநராகவும் பணியாற்றிய ஹக்கீம் ஸயீத், 1998 ஒக்டோபர் 17ஆம் திகதி காலை, கராச்சியில் நோயாளரைப் பார்க்கச் சென்ற வேளையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒன்பது மாதங்கள் கழித்து, 1999 ஜூலை 22ஆம் திகதி, அண்ணன் டில்லியில் காலமானார்.

உரிமையைக் கைவிடலாம், நிர்வாகத்தை எவரேனும் நடத்தியாக வேண்டும். அப்துல் ஹமீதின் வழித்தோன்றல்களிடையே பிரதான முதவல்லி பதவி குறித்து எழுந்த பிணக்கு நீதிமன்றம் ஏறி, 2019 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பங்கிட முடியாத சொத்திலும் பிணக்கு எழக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பது எமக்குத் தெரியாது. அவ்வாண்டு ரமழானில் இந்தியக் கடைகளில் ரூஹ் அஃப்ஸாவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குடும்பப் பிணக்கே காரணம் என்று பலரும் பேசினர். மூலிகைகள் போதிய அளவு கிடைக்கவில்லை என்றது நிறுவனம். அப்போது, தம்பி கராச்சியில் தொடங்கிய ஹம்தர்தின் தலைமை நிர்வாகி, இந்திய அரசு அனுமதித்தால் வாகா எல்லை வழியாக லொறிகளில் ரூஹ் அஃப்ஸாவை அனுப்பி வைக்கத் தயார் என அறிவித்தார். லொறிகள் எவையும் எல்லை கடக்கவில்லை.