விவேகானந்தரும் சிறுவர்க்குரிய ஈகைப் பயிற்சியும்

ஈகையைக் கற்பிக்கவும் வேண்டுமோ, அது பிறவிக்குணம் அன்றோ என்று வினவுவார் உளர். பிறவியிலேயே அக்குணம் வாய்க்கப்பெற்ற ஒருவருக்கும் அதனைச் செம்மைப்படுத்துதற்குத் தந்தையும் வறுமையும் குருவும் வேண்டியிருந்தமைக்குச் சுவாமி விவேகானந்தருடைய வாழ்க்கை சான்றாகும். நம் கல்லூரியின் விழா மலரில் அவ்வரலாற்றை இந்நோக்கில் வைத்துச் சுருக்கி எழுதப் புகுகின்றோம். விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு எதனைப் பழக்குவது என்று எண்ணும் பெற்றோர்க்கு அது பயன்படுதல் கூடும்.

நாம் தைப்பொங்கலாகக் கொண்டாடும் மகர சங்கிராந்தித் திருநாளில், 1863 ஜனவரி 12ஆந் தேதி, நரேந்திரநாதர் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் விசுவநாத தத்தர் வழக்கறிஞர். தாயார் புவனேசுவரி தேவி. இளம் நரேந்திரர் புதிதாகத் தமக்கு உடுத்திய வேட்டியை, வாயிலில் வந்து இரந்த சாது ஒருவருக்கு அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். அதன்பின் இரவலர் வரும்போதெல்லாம் வீட்டார் அவரை மேன்மாடத்து அறையிற் பூட்டி வைப்பாராயினர். அவரோ அறையிற் கிடைத்தவற்றையெல்லாம் பலகணி வழியே இரவலருக்கு எறிந்துவிடுவார். கொடுக்கும் ஆசை மிகுதியாக இருந்தது. கொடுக்கும் முறையோ இன்னும் அமையவில்லை.

தந்தையாரும் வரையாது வழங்கும் இயல்பினர். சோம்பித் திரிந்தவரும் குடிப்பழக்கம் உற்றவருமான உறவினர் சிலர் அவர் பொருளில் வாழ்ந்து வந்தனர். அதனை நரேந்திரர் கண்டித்தபோது, வாழ்க்கையின் துன்பத்தை மகன் உணரும் காலத்தில் அவர்களிடத்தும் இரக்கமே தோன்றும் எனத் தந்தையார் உணர்த்தினார். அவ்வுணர்ச்சி வருதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. 1884இல் தந்தையார் இறந்தார். கடன்காரர் சூழ்ந்தனர். பட்டதாரியான நரேந்திரர் வேலை தேடி வெயிலிற் காலணியின்றி அலைந்தார். வீட்டில் உணவு போதாத நாள்களில், வெளியே விருந்துக்கு அழைப்பு உண்டென்று தாயாரிடம் சொல்லிப் பட்டினியாகவே புறப்பட்டுவிடுவார். பலகணி வழியே பிறர் பொருளை எறிந்த பிள்ளை, இப்போது தமது பங்கினையே தாய்க்கும் தம்பியர்க்கும் விட்டுக்கொடுத்தார். அவ்வாறு கொடுத்ததைப் பெற்றவர்களும் அறியாதிருந்தமையே அதன் சிறப்பு.

அவ்வாண்டிலேயே தட்சிணேசுவரத்தில் அவருடைய குருநாதராகிய ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலைப் பற்றிப் பேச நேர்ந்தது. இரங்குவதற்கு நாம் யார், உயிர்களைச் சிவனெனக் கண்டு தொண்டு செய்தலே நமக்குரியது என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். உடனிருந்தோர் பலர் அதனைக் கேட்டு அமைந்தனர். நரேந்திரர் ஒருவரே அதன் ஆழத்தை உணர்ந்து, வாய்ப்பு வருமாயின் உலகறியச் செய்வதென்று உறுதி பூண்டார். இரங்குவோன் மேலே நின்று கீழே நோக்குகின்றான். வழிபடுவோனோ தாழ்ந்து நிற்கின்றான். ஈகையைக் கற்பிக்கப் புகுவார் முதலில் அறியவேண்டுவது இவ்வேறுபாடே.

1893இல் சிக்காகோவில் நிகழ்ந்த சர்வசமயப் பேரவையாற் பெரும்புகழ் பெற்ற சுவாமிகள், 1897 ஜனவரி 15ஆந் தேதி கொழும்பில் வந்திறங்கினார். அங்கிருந்து கப்பலேறிச் சென்னை செல்வதே முதலிற் கொண்ட எண்ணம். பல ஊர்களிலிருந்தும் அழைப்புத் தந்திகள் வந்தமையால் தரைவழியே செல்லத் துணிந்தார். ஜனவரி 19ஆந் தேதி புகையிரதத்திற் கண்டியை அடைந்தபோது, நம் நகரத்தார் வாத்திய முழக்கத்துடன் எதிர்கொண்டு வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தனர். சுவாமிகள் சுருக்கமாக விடையிறுத்து, நகரின் காட்சிகளைக் கண்டு, மாத்தளை சென்று அன்றிரவு தங்கினார். மறுநாள் குதிரை வண்டியில் வடக்கே புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டியின் முன்சக்கரம் முறிந்தமையால் மாட்டு வண்டியிற் பயணத்தைத் தொடர நேர்ந்தது. அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்து, அங்கு இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றினார்.

அவ்வடபாதையை நம் முன்னோரும் நன்கறிவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வேலை நாடி வந்த தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டினூடே நடந்து, தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்தே மலைநாட்டை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். நம்மிற் பலர் அங்ஙனம் நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள். ஆதலின் இல்லாதார்க்குக் கொடுத்தல் நமக்கு அயலார்க்குச் செய்யும் உதவியன்று.

இலங்கையை நீங்கி இராமேசுவரஞ் சென்ற சுவாமிகள், வறியவரிடத்தும் பிணியாளரிடத்தும் சிவனைக் காண்பதே மெய்வழிபாடு என்று திருக்கோயிலில் எடுத்துரைத்தார். அவ்வாண்டு மே மாதம் முதலாந் தேதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். அதே மாதத்தில் அவருடைய சகோதரத் துறவியாகிய அகண்டானந்தர் மூர்ஷிதாபாத் மாவட்டத்திற் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கினார். 1898இல் கல்கத்தாவிற் கொள்ளைநோய் தோன்றியபோது, பணத்துக்கு வழி யாதென வினவினோர்க்கு, மடம் அமைத்தற்கென வாங்கிய நிலத்தையும் விற்கச் சித்தமாயிருப்பதைச் சுவாமிகள் தெரிவித்தார்.

1899இல் அந்நோய் மீண்டும் பரவிற்று. ஏப்பிரல் 22ஆந் தேதி சுவாமிகளும் சகோதரி நிவேதிதையும் மாணவர் கூட்டமொன்றிற் பேசினர். ஏறக்குறைய 15 மாணவர் தொண்டுக்கு முன்வந்தனர். பாக்பஜாரிலும் அயலிலுமுள்ள குடிசைகளுக்கு வீடுவீடாகச் சென்று நிலைமையை அறிதலும், துப்புரவு பற்றிய துண்டறிக்கைகளை வழங்கி அறிவுரை கூறுதலும் அவர்கள் கடமை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிச் செய்த வேலையை நிவேதிதைக்கு அறிவித்து, மேற்செய்ய வேண்டுவதைக் கேட்டுச் செல்வர். அம்மாணவரிடம் பொருள் கேட்கப்படவில்லை; ஓய்வு நேரமும் கண்ணும் காலும் கேட்கப்பட்டன. இளையோர்க்குத் தொண்டினைக் கற்பிக்கும் முறைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1901ஆம் ஆண்டு பேலூர் மடத்தில் நிலம் திருத்திய சந்தால் தொழிலாளரை உண்ண அழைத்தார் சுவாமிகள். பிறர் தொட்ட உப்பை உண்பது தம் குலவழக்கிற்கு ஆகாதென அவர்கள் தயங்கினர். அவ்வழக்கத்தை அவர் இகழவுமில்லை; திருத்த முயலவுமில்லை. உப்பின்றிக் கறி சமைப்பித்து, பூரியும் இனிப்பும் தயிரும் படைத்து, அருகிருந்து உபசரித்தார். நாராயணனுக்கே நிவேதித்ததாக மகிழ்ந்தார். பெறுவோருடைய மானத்தை ஓம்பாத கொடை கொடையாகாது என்பதை அவ்வுப்பில்லாக் கறி கற்பிக்கின்றது. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆந் தேதி, தமது 39ஆம் வயதில், சுவாமிகள் மகாசமாதி அடைந்தார்.

இனி நம் கடமை யாது? வெசாக் காலத்தில் கண்டித் தெருக்களிலே தன்சல் பந்தல்களில் நம் அயலவராகிய பௌத்தச் சிறுவர் வழிப்போக்கர்க்குத் தம் கையாற் பானமும் சோறும் வழங்குவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். பெற்றோர் பணங்கொடுக்கப் பிள்ளைகள் பார்த்து நிற்கும் முறை அதுவன்று. நம் பிள்ளைகளும் ஏப்பிரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் தமக்குரிய ஒன்றைத் தாமே தெரிந்து கொடுக்கட்டும். கிழிந்ததையும் வேண்டாததையும் கொடுத்தல் ஈகையன்று, கழித்தலே. சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களுக்குப் பெரியோருடன் சென்று, வேண்டுவது யாதென முதலிற் கேட்டறியட்டும். புதுவகுப்புத் தொடங்குமுன் கொப்பிகளைக் கொடுப்பதோடு நில்லாது, உடனமர்ந்து ஒரு பாடத்தையும் சேர்ந்து படிக்கட்டும். பெறும் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கத்தை நாமே முதலில் விட்டொழிப்போமாக.

இவ்விழாவில் நன்கொடையாளர் பெயர்களைக் கல்லிற் பொறித்தல் முறையே. அதனிலும் நிலைத்தது, கொடுத்த கை தாழ்ந்து நிற்கக் கற்ற பிள்ளையொன்று நம் இல்லந்தோறும் வளர்தல்.