கூடைப்பந்துக்கு வாத்தியார் ஆனவர்

மாலை நேரங்களில் பிள்ளைகள் கூடைப்பந்து பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் விசிலோடு ஒரு பயிற்சியாளர் நிற்பார். ஆனால் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரே, இதற்குப் பயிற்சியாளர் எதற்கு என்று நினைத்தவர் என்றால் நம்புவீர்களா?

1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காக, இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பிறகு கான்சஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருடைய அணியில் ஆடிய மாணவர்தான் நம் கதாநாயகர் ஃபாரஸ்ட் ஆலன். 1885-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். பேஸ்பால் நடுவராக நின்றபோது அவர் போட்ட சத்தம், மூடுபனியில் கப்பல் ஊதும் சங்கு போல இருந்ததாம். அதனால் 'ஃபாக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மாணவராக இருக்கும்போதே பக்கத்தில் உள்ள பேக்கர் கல்லூரி அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. இதைக் கேட்ட நெய்ஸ்மித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது ஆடுகிற ஆட்டம், சொல்லிக்கொடுக்கிற பாடம் இல்லை என்பது அவர் எண்ணம். ஆலன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1907-ல் குருவின் இடத்துக்கே, கான்சஸ் அணியின் பயிற்சியாளராக வந்தார். இரண்டு ஆண்டுகளில் விலகி, எலும்பு, தசைகளைக் கையால் சீர்படுத்தும் ஆஸ்டியோபதி மருத்துவம் படித்தார். ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்க அந்தப் படிப்பு கடைசிவரை கைகொடுத்தது.

1919-ல் கான்சஸுக்குத் திரும்பியவர் 1956 வரை நகரவில்லை. அந்த அணிக்கு அவர் தேடித்தந்த வெற்றிகள் 590. தேசியப் பயிற்சியாளர் சங்கத்தை 1927-ல் தொடங்கினார். ஒலிம்பிக்கில் கூடைப்பந்தைச் சேர்க்கப் பல வருடம் போராடினார். 1936-ல் பெர்லினில் அது நிறைவேறியபோது, முதியவரான நெய்ஸ்மித்தும் அங்கே இருந்து பார்த்தார். அவருடைய பயணச் செலவுக்கு நிதி திரட்டியது அந்தப் பயிற்சியாளர் சங்கம்தான். 1952-ல் கான்சஸ் தேசியப் பட்டம் வென்றது. அதே வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆலனின் மாணவர்கள் ஏழு பேர்.

ஒரே ஒரு குறை. ஏழடிக்கும் மேல் உயரமான வில்ட் சேம்பர்லினை 1955-ல் கான்சஸுக்கு அழைத்து வந்தார். அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. அதற்குள் ஆலனுக்கு 70 வயது நிறைந்து, அரசு விதிப்படி கட்டாய ஓய்வு வந்துவிட்டது. எவ்வளவோ வாதாடியும் விதி வளையவில்லை. தான் கொண்டுவந்த மாபெரும் வீரரை அணியில் இறக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று. 1957 இறுதி ஆட்டத்தில் சேம்பர்லினின் கான்சஸ் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அணியை நடத்தியவர் ஆலனின் பழைய மாணவர் டிக் ஹார்ப்.

ஆலன் 1974-ல் காலமானார். அவரிடம் பழகிய அடால்ஃப் ரப் கென்டக்கியில் 876 வெற்றிகளும், டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 வெற்றிகளும் கண்டார்கள். இருவருமே வாத்தியாரை மிஞ்சிய மாணவர்கள். சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற பழைய கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

இன்று கான்சஸ் அணி ஆடும் அரங்கின் பெயர் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ். அது இருக்கும் சாலைக்கு நெய்ஸ்மித்தின் பெயர்.