திண்டிவனத்தில் ஓர் இரவு



திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் பஸ்ஸில் நாம் எத்தனையோ முறை போயிருப்போம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்தது அந்தத் திண்டிவனத்தில்தான் என்று எனக்குப் போன வருஷம் வரை தெரியாது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 9-12-1870 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் குழந்தைகள் சோற்றுக்குத் தவித்ததைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். அதனாலோ என்னவோ, இந்த வாழ்க்கையே வேண்டாம் என்று அமெரிக்காவில் இருந்துவிடத்தான் நினைத்தார்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனம் வந்தார். ஒரு நாள் ராத்திரி மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். இருவர் மேல்சாதி இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவர் மனைவிக்கும் பிரசவ வலி. எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்றார் ஐடா. ஆம்பளை டாக்டர் கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இதை எங்க ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். வீட்டுப் பிரசவத்தில் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவர். அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன வயசு என்று மட்டும் கேட்டார்.

ஐடா டாக்டருக்குப் படிக்கக் கிளம்பினார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-இல் வேலூர் வந்த சில மாதங்களில் அப்பா இறந்துவிட, ஒத்தை ஆளாக ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தந்த 10,000 டாலரில் 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்தது. கிராமத்துச் சாலை ஓர மரத்தடியிலும் மருந்து கொடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் அவரும் ஒரு தர்மவதி, அவ்வளவுதான். 1913-இல் ஆல்பர்ட் சுவைட்சர், நம்ம புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்காவின் காபோனில், லாம்பரேனே என்ற ஊரில் ஆஸ்பத்திரி கட்டினார். நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அந்த மண்ணின் பிள்ளைகளை டாக்டராக்கவில்லை என்ற குறை அவர் மேல் உண்டு. ஐடா அதைச் செய்தார். எத்தனை கை இருந்தாலும் தன் ஒருத்தியால் முடியாது என்று புரிந்துகொண்டு, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் படிக்க வரவே மாட்டார்கள் என்றார்கள் அதிகாரிகள். விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்கள் பள்ளியிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், ஏமாறாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 பெண்களும் பாஸ்!

அவர்கள் வீட்டிலும் அதுவரை யார் படித்திருப்பார்கள்? ரிசல்ட் வந்த அன்று அந்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்க வீட்டில் பத்தாவது ரிசல்ட்டுக்கே தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள்.

ஆண் மாணவர்கள் 1947-இல்தான் சேர்க்கப்பட்டார்கள் (நமக்குக் கொஞ்சம் பொறாமைதான்). அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில், 89 வயதில் மறைந்தார். அவருக்கு வந்த ஒரு கடிதத்தின் மேல் தெரு, ஊர் எதுவும் இல்லையாம். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதியிருந்தது. தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தார்.