நஞ்சை மருந்தாக்கிய உபேந்திரநாத் பிரம்மச்சாரி

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில் நம்மில் பலர் ஒரு முறையாவது நின்றிருப்போம். உறவினருக்காகவோ, பக்கத்து வீட்டாருக்காகவோ அங்கே போகாத குடும்பம் குறைவு. 1954 முதல் இயங்கும் அந்த மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்று சிஸ்பிளாட்டின். அதற்குள் இருப்பது பிளாட்டினம் என்ற உலோகம். நகைக்கடையில் நாம் பார்க்கும் அதே பிளாட்டினம்தான்.

உலோகத்தை உடம்புக்குள் செலுத்தி உயிரைக் காப்பாற்ற முடியுமா என்று வியப்பவர்கள் உண்டு. சிஸ்பிளாட்டின் 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, மின்விளக்குகூட இல்லாத ஒரு சிறு அறையில் உட்கார்ந்து, உலோக மருந்தால் லட்சக்கணக்கான உயிர்களைக் காக்க வழிகண்டவர் நம் நாட்டில் இருந்தார். அவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

வக்ஃபு சொத்தில் எழுந்த கல்லூரி

பீகாரின் ஜமால்பூரில் ரயில்வே மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பிரம்மச்சாரி. பட்டப்படிப்புக்கு அவர் சேர்ந்தது வங்காளத்தின் ஹூக்ளி கல்லூரி. இன்று அதன் பெயர் ஹூக்ளி மொஹ்சின் கல்லூரி.

இந்தப் பெயரை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஹாஜி முஹம்மது மொஹ்சின் பெரும் செல்வந்தர். வாரிசு இல்லாத அவர், தம் சொத்தை 1806-ல் வக்ஃபு செய்தார். 1812-ல் மறைந்தார். அந்த அறக்கட்டளையின் வருவாயைக் கொண்டு 1836-ல் தொடங்கப்பட்டதுதான் ஹூக்ளி கல்லூரி. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பிற்காலத்தில் அரசே கல்லூரியின் செலவை ஏற்றது. ஆனாலும் அடித்தளம் இட்டது அந்தக் கொடைதான். 1893-ல் பிரம்மச்சாரி அங்கிருந்து பட்டம் பெற்று வெளியே வந்தார்.

அதன்பின் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் முதுகலை படித்தார். ஆசிரியர்களில் ஒருவர், பாதரச நைட்ரைட் ஆய்வால் புகழ்பெற்ற பிரபுல்ல சந்திர ராய். அதோடு நிற்காமல் மருத்துவமும் படித்தார். 1902-ல் எம்.டி., 1904-ல் முனைவர் பட்டம். ஒரே மனிதரிடம் மருத்துவமும் வேதியியலும் சேர்ந்திருந்தது அன்று அரிது. பின்னால் அவருக்குக் கைகொடுத்ததும் அதுதான்.

கருங்காய்ச்சல்

அந்தக் காலத்தில் அசாமையும் வங்காளத்தையும் பீகாரையும் உலுக்கிக் கொண்டிருந்த நோய் காலா அசார், அதாவது கருங்காய்ச்சல். மாதக்கணக்கில் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். உடல் எலும்பாகும், தோல் கறுக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அசாமில் ஊர் ஊராகவே மக்கள் அழிந்தார்கள்.

இந்த நோயின் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1903-ல் இங்குள்ள அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் இந்த நோயின் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன், கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் இருந்த படைவீரர் ஒருவரின் உடலில் கண்டதை வெளியிட்டார். இருவர் பெயரையும் சேர்த்தே அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் வைத்தார்கள்.

கிருமி தெரிந்துவிட்டது. மருந்து தெரியவில்லை.

சுர்மாவின் உலோகம்

ஆன்டிமனி என்ற தனிமம் நமக்கு அந்நியமல்ல. பழங்கால சுர்மாக் கல்லான அஞ்சனக்கல் ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்ததுதான். (இன்று கடைகளில் கிடைக்கும் சுர்மாவில் ஈயம் கலந்திருப்பது உண்டு, எச்சரிக்கை தேவை.) 1915 வாக்கில் இத்தாலியிலும் கல்கத்தாவிலும் டார்ட்டர் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பைக் கருங்காய்ச்சலுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கிருமி செத்தது. ஆனால் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். வாந்தி, இருமல், இதயப் பாதிப்பு என்று மருந்தே நோயாளியை வாட்டியது.

பிரம்மச்சாரி வேதியியலாளராக யோசித்தார். தனிம அட்டவணையில் ஆர்சனிக்குக்கு நேர் கீழே நிற்பது ஆன்டிமனி. ஆர்சனிக்கைக் கரிமச் சேர்மத்தோடு பிணைத்து ஜெர்மனியில் பால் எர்லிக் சிபிலிஸ் நோய்க்கு மருந்து கண்டிருந்தார். ஆன்டிமனியையும் அப்படிப் பிணைத்தால் அதன் நஞ்சு குறையாதா? டார்ட்டர் எமெட்டிக்கில் ஆன்டிமனி மூன்று இணைதிறனில் இருக்கிறது. ஐந்து இணைதிறனில் உள்ள ஆன்டிமனியை உடல் எளிதாகத் தாங்குகிறது. அவர் தேடியது அத்தகைய சேர்மத்தை.

கல்கத்தாவின் கேம்பல் மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. எரிவாயு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்விளக்கு இல்லை. பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் ஆய்வு செய்தார். ஒவ்வொரு சேர்மமாகத் தயாரித்தார், சோதித்தார், ஒதுக்கினார். 1920-ல் யூரியாவையும் கரிம ஆன்டிமனி அமிலம் ஒன்றையும் சேர்த்து உருவாக்கியது கைகொடுத்தது. அதுவே யூரியா ஸ்டிபமைன். 1922-ல் அதன் சிகிச்சை முடிவுகளை வெளியிட்டார்.

மாதங்கள் பிடித்த சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் மருந்து பரவியது. பத்தில் ஒன்பது பேர் இறந்த நோயில், சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். குணமானவர்கள் சிலரின் தோலில் பின்னர் தோன்றும் தடிப்புகளும் அதே கிருமியால் வருபவை என்று முதலில் கண்டறிந்தவரும் அவரே.

கிடைக்காத பரிசு

1929-லும் 1942-லும் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு வரவில்லை. 1934-ல் ஆங்கில அரசு சர் பட்டம் தந்தது. 1936-ல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1946 பிப்ரவரி 6 அன்று காலமானார். இன்று கருங்காய்ச்சலுக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன. 2023-ல் பங்களாதேஷ் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த நீண்ட பாதையின் தொடக்கத்தில் நிற்பவர் பிரம்மச்சாரி.

நாம் சிந்திக்க வேண்டியது இதுதான். மொஹ்சின் தம் சொத்தை எழுதி வைத்தபோது, அதில் எழும் கல்லூரியில் யார் படிப்பார், என்ன ஆவார் என்று அவருக்குத் தெரியாது. அதன் வாசல் வழியே வந்த ஒரு மாணவர், இந்து, முஸ்லிம், பழங்குடி என்ற பேதமின்றி லட்சக்கணக்கான ஏழைகளின் உயிரைக் காத்தார். கொடுத்தவர் கண்ணை மூடி நூறாண்டுக்குப் பிறகு கிடைத்த பலன் இது.

நம் ஊர்களிலும் வக்ஃபு சொத்துகள் இருக்கின்றன. வசதி படைத்தவர்களும் இருக்கிறார்கள். திருமண மண்டபத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி ஓர் ஆய்வுக்கூடத்துக்கோ, வேதியியல் படிக்க விரும்பும் ஓர் ஏழைப் பிள்ளையின் கட்டணத்துக்கோ போனால், அதன் பலனை நாம் பார்க்காமல் போகலாம். நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்.