வைணு பாப்புவும் சுதேசிக் கண்ணாடியும்

விலை கொடுத்து வாங்கிய கருவியைக் கொண்டு ஆராய்ச்சி செய்வது ஒன்று. கருவியைத் தாமே செய்துகொண்டு ஆராய்வது முற்றிலும் வேறொன்று. இப்பேதத்தை நன்குணர்ந்து நடந்தவர் டாக்டர் வைணு பாப்பு. நம் வாலிபர்கள் அன்னாரை ஒரு வால் நட்சத்திரத்தின் பெயரால் மட்டும் அறிந்திருப்பது போதாதென்பது நமது அபிப்பிராயம்.

சென்னையில் 1927-ம் வருஷம் பிறந்தவர். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா நட்சத்திர ஆராய்ச்சி சாலையில் உத்தியோகம் பார்த்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவராயிருக்கையில், 1949-ல், புகைப்படத் தகடு ஒன்றில் பாப்பு கண்ட வால் நட்சத்திரம் பாப்பு, பாக், நியூகர்க் ஆகிய மூவர் பெயராலும் வழங்கலாயிற்று. அத்தகைய கீர்த்தியுடன் அந்நிய நாட்டிலேயே சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ திரும்பி வந்தார்.

1960-ல் கோடைக்கானல் ஆராய்ச்சி சாலையின் தலைமை அவரை வந்தடைந்தது. கோடைக்கானல் அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. மதுரைச் சமவெளியிலிருந்து மலையேறினால் சூரியனை ஆராய உகந்த இடந்தான். இரவு வானமோ அடிக்கடி மேகத்தில் மறையும். ஆகவே அவர் வேறு மலைகளைத் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். அங்கே 1968-ல் நிறுவிய முதல் தூரதிருஷ்டிக் கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலமுடையது. தம் ஸ்தாபனத்தின் பட்டறையிலேயே செய்யப்பட்டது.

இதன் சிரமத்தை வாசகர்கள் சற்றுக் கருத வேண்டும். கண்ணாடியின் முகம், ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்களவு பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் கலைந்துவிடும். ஊசித் துவாரத்து ஒளியை அதன்மீது செலுத்தித் திரும்பி வரும் கதிரைக் கத்தி முனையால் மறைத்தால், மேடும் பள்ளமும் நிழலாய்த் தோன்றும். பாரிஸில் பூக்கோ கண்ட உபாயம் இது. மேட்டைச் சிறிது தேய்க்க வேண்டும்; தேய்த்த சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்; மறுபடி சோதிக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இத்தொழில் கைவராது. வானத்தின் பெரும்பரப்பை ஒரே தகட்டில் பிடிக்க வேண்டுமானால் கஷ்டம் இன்னும் அதிகம். ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைத்துத் தோன்றும். 1930-ல் ஷ்மிட் என்ற ஒற்றைக்கைத் தொழிலாளி, ஹாம்பர்க்கில், மெல்லிய திருத்தக் கண்ணாடி ஒன்றை முன்னே வைத்து இதற்குப் பரிகாரம் கண்டார். அவ்வகைக் கண்ணாடி பிற்காலத்தில் காவலூரிலும் அமைந்தது. 1988-ல் அதன் மூலம் கண்ட சிறு கிரகத்துக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

பாப்பு வெறும் பிடிவாதக்காரரல்லர். 1972-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியிடமிருந்து ஒரு மீட்டர் கண்ணாடியைத் தருவித்து நிறுவினார். நாம் அதைக் குறை கூறோம். கைக்கு உடனே வேலை வேண்டுமல்லவா? ஆனால் அத்துடன் அவர் திருப்தியடையவில்லை. 2.34 மீட்டர் அகலமுள்ள பெரிய கண்ணாடியை நம்மவர் கைகளாலேயே தேய்த்து மெருகிடத் திட்டமிட்டார். அது முடியுமுன், சர்வதேச வான சாஸ்திர சங்கத்தின் தலைவராயிருக்கையிலேயே, 1982 ஆகஸ்டு 19-ந் தேதி ம்யூனிக் நகரில் காலமானார். கண்ணாடி 1986 ஜனவரியில் காவலூரில் அரங்கேறியது. பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதற்குப் பாப்புவின் பெயரையே சூட்டினார்.